ஷ்ட்ரோம், கரண்ட், மின்சாரம்: ஜெர்மன் கற்கும் மதுரைத் தமிழர்க்கு ஒரு சொல்லின் பொருளும் எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

ஜெர்மன் மொழியில் மின்சாரத்தைக் குறிக்க அன்றாடம் வழங்கும் சொல் ‘ஷ்ட்ரோம்’ என்பதாகும். பெரிய ஆறு, நீரோட்டம் ஆகியன அதன் முதற்பொருள்கள். தமிழ்நாட்டில் ஜெர்மன் கற்போர் பெரும்பாலும் இச்சொல்லை ‘எலெக்ட்ரிசிட்டி’ என்னும் ஆங்கிலச் சொல் வழியாகவோ ‘மின்சாரம்’ என்னும் ஒற்றைத் தமிழ் நிகரன் வழியாகவோ மனப்பாடம் செய்கின்றனர். இவ்விரு வழிகளும் சொல்லின் உள்ளே இருக்கும் ஓட்டப் பொருளை மறைத்துவிடுகின்றன என்றும், அப்பொருள் மதுரை வட்டாரப் பேச்சுத் தமிழின் வினைகளில் முன்னரே உறைந்துள்ளது என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது. எனினும் ‘கரண்ட்’ வரும் இடமெல்லாம் ‘ஷ்ட்ரோம்’ வந்துவிடாது. மின்னழுத்தத்தைச் சுட்டும் இடத்தில் இவ்வொப்புமை முறிகிறது. அம்முறிவை அறியாமை தொழிற்களத்தில் உயிர்க்கேடாகவும் முடியக்கூடும் என்பது கட்டுரையின் இரண்டாவது கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: ஜெர்மன் கற்றல், சொற்பொருளியல், மின்சாரம், கரண்ட், கலைச்சொல்லாக்கம், பேச்சு வழக்கு, மதுரை வட்டாரத் தமிழ்.

முன்னுரை

ஜெர்மன் நாட்டின் திறன்பெற்ற பணியாளர் குடியேற்றச் சட்டம் 2020 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்பின் தமிழ்நாட்டில் ஜெர்மன் கற்போரின் நோக்கம் தெளிவாக மாறியுள்ளது. முன்பு இலக்கியத்திற்காகவும் உயர்கல்விக்காகவும் பயிலப்பட்ட மொழி, இன்று செவிலியராலும் பொறியியல் பட்டதாரிகளாலும் தொழிற்பயிற்சி நிலையங்களில் பயின்ற மின்பணியாளர்களாலும் வேலைக்காகப் பயிலப்படுகிறது. மதுரை நகரிலும் அதனைச் சூழ்ந்த மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம், உசிலம்பட்டி ஆகிய பகுதிகளிலும் இருந்து வரும் இத்தகைய மாணவர்களுள் பலர் தமிழ்வழியில் பள்ளிக்கல்வி முடித்தவர்கள். இவர்கள் ஜெர்மன் மொழியை நேராகக் கற்பதில்லை. தாம் முழுமையாகக் கைவரப்பெறாத ஆங்கிலத்தை இடையில் வைத்தே கற்கின்றனர். ஜெர்மன் சொல் ஒருபுறம், ஆங்கிலப் பொருள் மறுபுறம் என்று அமைந்த பட்டியலே இவர்களது கைநூல். தமிழ் நிகரன் சேர்க்கப்படும் இடத்திலும் அது எழுத்துத் தமிழாகவே இருக்கும்.

இந்நடைமுறை எங்கே தவறுகிறது என்பதைப் பொதுவாகப் பேசுவதைவிட ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு ஆராய்வது பயன்தரும். மின்சாரத்தைக் குறிக்கும் ‘டேர் ஷ்ட்ரோம்’ என்னும் ஆண்பாற் பெயர்ச்சொல் இதற்குப் பொருத்தமானது. வீட்டு வாடகை, மாதச் செலவு, பழுதுபார்ப்பு ஆகியவற்றைப் பேசும் பாடப்பகுதிகளில் இச்சொல் தவறாமல் வரும். தேர்வில் இதன் பொருளை எழுதுவது எளிது. ஆனால் இச்சொல்லைக் கொண்டு பேசுவதும், பிறர் பேசும்போது அது எதைக் குறிக்கிறது என்று பிரித்தறிவதும் அவ்வளவு எளிதல்ல. இவ்வேறுபாட்டின் காரணத்தை மாணவரின் திறமையில் தேடாமல், சொல் கற்பிக்கப்படும் முறையில் இக்கட்டுரை தேடுகிறது.

1. அம்பர், மின்னல், ஆறு

மின்சாரம் கண்ணுக்குப் புலனாகாதது. அதனால் எம்மொழியும் அதற்குப் புலனாகும் வேறொன்றின் பெயரையே இட்டுள்ளது. அப்பெயரீடுகளுள் மூன்று இங்குக் கருதத்தக்கவை.

முதலாவது, அம்பர். மரப்பிசின் நெடுங்காலம் மண்ணுள் புதைந்து இறுகியதே அம்பர் ஆகும். அதனைத் தேய்த்தால் துரும்பை ஈர்க்கும். கிரேக்கத்தில் அதன் பெயர் ‘எலெக்ட்ரோன்’. 1600இல் வில்லியம் கில்பர்ட் காந்தம் பற்றி எழுதிய இலத்தீன் நூலில் இவ்வீர்ப்புப் பண்பை அம்பரின் பெயரால் சுட்டினார். ஐரோப்பிய மொழிகளின் அறிவியற் சொல் அங்கிருந்தே கிளைத்தது. ஜெர்மன் மொழியின் ‘எலெக்ட்ரிட்சிடேட்’ அவ்வழி வந்த பெண்பாற் சொல். ஜெர்மானியர் அம்பரைத் தம் மொழியில் ‘பெர்ன்ஷ்டைன்’, அதாவது எரியும் கல், என்றே வழங்குவதால், ‘எலெக்ட்ரிட்சிடேட்’ என்ற சொல் அவர்களுக்கும் கற்றறிந்து பெற வேண்டிய சொல்லாகவே உள்ளது.

இரண்டாவது, மின்னல். மின்னலும் தேய்ப்பால் எழும் பொறியும் ஒரே ஆற்றலின் வடிவங்கள் என்பது 1752இல் பெஞ்சமின் பிராங்கிளினின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் ஆய்வுகளால் உறுதிப்பட்டது. தமிழ் இவ்வுண்மையைப் பெயரிலேயே ஏற்றது. ‘மின்’ என்பது சங்க இலக்கியத்திலேயே மின்னலைக் குறித்து வரும் சொல். அதனை முதனிலையாகக் கொண்டே மின்சாரம், மின்னோட்டம், மின்னாற்றல் ஆகியன உருவாயின. இந்தியில் ‘பிஜ்லி’ மின்னலையும் மின்சாரத்தையும் ஒருங்கே குறிப்பதும் இத்தகையதே. ஜெர்மன் மொழியிலோ மின்னலுக்குரிய ‘பிளிட்ஸ்’ என்னும் சொல்லுக்கு மின்சாரத்தோடு பெயரளவில் தொடர்பில்லை.

மூன்றாவது, ஆறு. ‘ஷ்ட்ரோம்’ என்பது கடலில் கலக்கும் பேராற்றையும் பெருகியோடும் எதனையும் குறிக்கும் பழஞ்சொல். மழை கொட்டித் தீர்ப்பதையும் மக்கள் திரள் நகர்வதையும் ஜெர்மானியர் இச்சொல்லாலேயே கூறுவர். ஆங்கிலத்தில் ஓடையைக் குறிக்கும் ‘ஸ்ட்ரீம்’ இதன் உடன்பிறப்பு. வடமொழியில் நீரோட்டத்தைக் குறிக்கும் ‘ஸ்ரோதஸ்’ இதே தொல்வேரின் கிளையாகக் கருதப்படுகிறது. ஒலி ஒப்புமை கருதி ‘மின்சாரம்’ என்பதிலுள்ள ‘சாரம்’ என்பதையும் இதனோடு இணைத்துக் காட்டுதல் பொருந்தாது. தமிழில் ‘சாரம்’ பிழிவு, உட்பொருள் என்னும் பொருளிலேயே நிலைத்துள்ளது. எனவே ‘மின்சாரம்’ என்ற சொல் மின்னலின் உட்பொருளை நினைவூட்டுகிறதே அன்றி ஓட்டத்தை நினைவூட்டுவதில்லை.

இங்கேதான் ஒற்றை நிகரனின் முதற்குறை வெளிப்படுகிறது. ‘ஷ்ட்ரோம் என்றால் மின்சாரம்’ என்று எழுதும்போது ஆற்றுப்பெயர் ஒன்று மின்னற்பெயராக மாற்றப்படுகிறது. ‘ஷ்ட்ரோம் என்றால் எலெக்ட்ரிசிட்டி’ என்று எழுதும்போது அது அம்பரின் பெயராகிவிடுகிறது. சுட்டப்படும் பொருள் ஒன்றே என்பதால் தேர்வில் மதிப்பெண் குறைவதில்லை. ஆனால் அச்சொல் எந்த வினையோடு சேரும், எந்தத் தொகையில் நிற்கும், வேறு எப்பொருள்களில் வரும் என்பவற்றுக்கான திறவு மாணவரின் கைக்கு வந்து சேர்வதில்லை.

2. பெயர் கடன், வினை சொந்தம்

மதுரை வட்டாரத்தில் அன்றாடப் பேச்சில் ‘மின்சாரம்’ வழங்குவது அரிது. ‘கரண்டு போயிருச்சு’, ‘கரண்டு வந்துருச்சு’, ‘எங்க தெருவுல கரண்டு இல்ல’, ‘இந்த மோட்டாரு கரண்ட நல்லா இழுக்குது’ என்பனவே கேட்கப்படும் தொடர்கள். ‘கரண்ட்’ ஆங்கிலத்திலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு நீரோட்டம் என்பது பழம்பொருள். அவ்வாறாயின் ஆங்கிலமே போதுமான பாலமாகாதா என்ற வினா எழலாம். ஆகாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. ஒன்று, சொற்பட்டியல்கள் தருவது பெரும்பாலும் ‘எலெக்ட்ரிசிட்டி’ என்பதையே. மற்றொன்று, தமிழுக்குள் வந்த ‘கரண்ட்’ தன் ஆங்கிலப் பழம்பொருளைக் கரையிலேயே விட்டுவிட்டு வந்தது. ஆற்றில் ‘கரண்ட்’ ஓடுகிறது என்று வைகைக் கரையில் எவரும் சொல்வதில்லை. பெயர்ச்சொல்லில் நீரின் சாயல் இல்லை.

அச்சாயல் இருப்பது வினையில். ‘மின்சாரம் பாய்ந்து விவசாயி உயிரிழப்பு’ என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. பாய்தல் என்னும் வினை புலிக்கும் அம்புக்கும் உரியதுதான். ஆயினும் அதன் பிறவினை வடிவமான ‘பாய்ச்சுதல்’ ஐயத்தை நீக்குகிறது. வயலுக்கு நீர் பாய்ச்சுவர். வேலிக்கு மின்சாரம் பாய்ச்சுவர். இவ்விரண்டும் ஒரே வினைக்கு ஒரே வகையான செயப்படுபொருள்களாக நிற்பது, பேசுவோர் மின்சாரத்தை நீரோடு ஒத்த ஒன்றாகக் கையாள்வதற்குத் தக்க சான்றாகும். ‘வருதல், போதல்’ ஆகிய வினைகள் பேருந்து முதல் காய்ச்சல் வரை பலவற்றுக்கும் பொதுவாக இருத்தலின், அவற்றை மட்டும் சான்றாகக் கொள்ள இயலாது. எனினும் குழாயில் தண்ணீர் வருவதையும் நிற்பதையும் சொல்லும் அதே வினைகள் கரண்டுக்கும் வருவது, பாய்ச்சுதல் தரும் சான்றுக்கு வலுச்சேர்க்கிறது.

ஆகவே மதுரை மாணவரிடம் ‘கரண்ட்’ என்ற பெயர் கடனாக இருப்பினும், மின்சாரத்தை ஓடும் ஒன்றாக எண்ணும் முறை அவரது சொந்த மொழிக்குள் உள்ளது. ஜெர்மானியர் ‘ஷ்ட்ரோம்’ போய்விட்டது, மீண்டும் இருக்கிறது என்று சொல்லும்போது அத்தொடர்கள் ‘கரண்டு போயிருச்சு, வந்துருச்சு’ என்பனவற்றுக்கு மிக அருகில் நிற்கின்றன. வேறுபாடும் உண்டு. தமிழ் மின்சாரத்தின் வருகையையும் போக்கையும் செயல்களாகச் சொல்கிறது. ஜெர்மன், ‘அங்கில்லை’, ‘மீண்டும் இங்குள்ளது’ என நிலைகளாகச் சொல்கிறது. ஒற்றுமையைக் கண்டபின் இவ்வேறுபாட்டைக் கற்பது எளிது. ஒற்றுமையே காட்டப்படாத மாணவர்க்கு ஒவ்வொரு தொடரும் புதிய சுமையாகிறது.

ஆறும் மின்சாரமும் இணைவது உருவகத்தில் மட்டுமன்று. 1895இல் முடிவுற்ற பெரியாற்று அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பப்பட்டது. தேனி மாவட்டம் லோயர் கேம்ப்பில் உள்ள நீர்மின் நிலையத்தின் சுழலிகளை இயக்கிய பின் அந்நீர் வைகையைச் சேர்கிறது. 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையில் தேங்கி, பெரியாற்றுப் பாசனக் கால்வாய் வழியே மதுரைச் சமவெளியின் வயல்களை அடைகிறது. ஒரே நீர் முதலில் கரண்டாகி, பின்னர் பாசனமாகிறது. ‘ஷ்ட்ரோம்’ என்னும் சொல்லின் இருபொருளையும் விளக்க இதனினும் அருகில் உள்ள எடுத்துக்காட்டு மதுரை வகுப்பறைக்குத் தேவையில்லை. ஆனால் ரைன் ஆற்றின் படமே அவ்விடத்தில் காட்டப்படுகிறது.

3. ஒரு சொல்லும் மூன்று வழக்குகளும்

‘ஷ்ட்ரோம்’ ஜெர்மன் வாழ்வில் எங்கெங்கு வழங்குகிறது என்று நோக்கினால் வேறோர் உண்மை புலப்படும். மின்கட்டணச் சீட்டு ‘ஷ்ட்ரோம்ரெஹ்னுங்’. மின்சாரத்தை அளக்கும் கருவி ‘ஷ்ட்ரோம்ட்சேலர்’. ஆம்பியரில் அளக்கப்படும் மின்னோட்டத்தின் அளவு இயற்பியல் வகுப்பில் ‘ஷ்ட்ரோம்ஷ்டெர்க’. சமையலறையில் கேட்ட சொல்லையே ஜெர்மன் குழந்தை ஆய்வுக்கூடத்திலும் கேட்கிறது.

தமிழில் இடத்திற்கொரு சொல் உள்ளது. தெருவில் ‘கரண்ட்’, நாளிதழிலும் அரசு அறிவிப்பிலும் ‘மின்சாரம்’, பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் ‘மின்னோட்டம்’. வீட்டில் ‘கரண்ட் பில்’ எனப்படுவது அலுவலகத்தில் ‘மின்கட்டணம்’ ஆகிறது. ‘மீட்டர்’ எழுத்தில் ‘மின் அளவி’ ஆகிறது. இவ்வேறுபாடு தமிழின் குறை என்று இக்கட்டுரை கருதவில்லை. பேச்சும் எழுத்தும் தனித்தனி வழக்குகளாக நிலைபெற்ற மொழியில் இது இயல்பே. குறை வேறிடத்தில் உள்ளது. ஜெர்மன் சொல்லுக்குத் தமிழ் நிகரன் எழுதுவோர் இம்மூன்றனுள் நடுவில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்கின்றனர். மாணவர் பேசும் சொல்லும் விடுபடுகிறது. அவர் பயின்ற அறிவியற் சொல்லும் விடுபடுகிறது. உண்மையில் ‘ஷ்ட்ரோம்’ இவ்விரண்டோடும்தான் மிக நெருங்கியது.

பாடநூல் தமிழைப் பொறுத்தவரை மற்றொன்றும் கூற வேண்டும். 1916இல் சேலத்தில் தோன்றிய தமிழ்ச் சாத்திரப் பரிபாஷைச் சங்கம் தொடங்கி, சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் வெளியிட்ட கலைச்சொற்கள் தொகுப்பு வரையும் அதன் பின்னும் நடந்த சொல்லாக்க முயற்சிகளின் பயனாக, மின்னியலில் தமிழுக்கு இன்று ஒழுங்கான சொற்றொகுதி வாய்த்துள்ளது. மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை ஆகிய மூன்றையும் சேர்த்து நோக்குக. ஓட்டம், அழுத்தம், தடை ஆகிய மூன்றும் குழாயில் ஓடும் நீரைக் கொண்டே விளங்கிக்கொள்ளத்தக்கவை. உருவகம் எங்கும் முறியவில்லை. ஜெர்மன் சொற்றொகுதியில் இவ்வொருமை இல்லை. ஓட்டத்திற்கு ஆறு, அழுத்தத்திற்கு வில்லில் நாணேற்றும் இழுப்பைக் குறிக்கும் ‘ஷ்பானுங்’, மின்னூட்டத்திற்குச் சுமையேற்றத்தைக் குறிக்கும் ‘லாடுங்’. ஒவ்வொன்றும் வெவ்வேறு உருவகம். 1827இல் ஜார்ஜ் சைமன் ஓம் வெளியிட்ட நூலால் பெயர்பெற்ற விதியைத் தமிழ்வழி மாணவர் ஓட்டம், அழுத்தம், தடை என்ற சொற்களாலேயே கற்றுள்ளார். அவ்வறிவு ஜெர்மன் வகுப்பில் கணக்கில் கொள்ளப்படாதது வீண் இழப்பாகும்.

இதற்கு எதிராக, ‘கரண்ட்’ தமிழ்ச்சொல் அன்று. அதனைப் பாடத்தில் ஏற்பது கலைச்சொல்லாக்கத்தின் நூற்றாண்டு உழைப்பைப் புறக்கணிப்பதாகும் என்று வாதிடலாம். அவ்வாதம் எழுத்துத் தமிழின் சொல்வளத்தைக் காப்பதற்குப் பொருந்தும். மூன்றாம் மொழி ஒன்றைக் கற்பிக்கும் இடத்தில் அது பொருந்தாது. அங்கே ‘கரண்ட்’ பரிந்துரைக்கப்படுவதில்லை. மாணவர் எங்கே நிற்கிறார் என்று அறிவதற்கே பயன்படுத்தப்படுகிறது. அவர் நிற்கும் இடத்திலிருந்து புறப்படுவதே கற்பித்தல்.

4. ஒப்புமை முறியும் இடம்

‘கரண்ட்’ என்பதற்கு ‘ஷ்ட்ரோம்’ நேர் நிகரன் என்று இதுவரை கூறியதைக் கொண்டு முடிவு செய்துவிடலாகாது. பேச்சுத் தமிழில் ‘கரண்டு இருக்கா பாரு’ என்று மின்பணியாளர் ஒருவர் மற்றவரிடம் சொல்லும்போது அவர் கேட்பது ஓட்டத்தைப் பற்றியன்று. விளக்கு எரியாதபோது கம்பியில் ஓட்டம் இல்லை. ஆயினும் அதில் மின்னழுத்தம் இருக்கலாம். தொட்டால் உடல் வழியே ஓட்டம் தொடங்கும். ‘டெஸ்டர்’ வைத்துப் பார்ப்பது அம்மின்னழுத்தத்தையே. எனினும் தமிழ்ப் பேச்சு அதனையும் ‘கரண்ட்’ என்றே சொல்கிறது. ஓட்டம், அழுத்தம், வழங்கல், கட்டணம் ஆகிய நான்கையும் அந்த ஒரு சொல் தாங்குகிறது.

ஜெர்மன் தொழிற்களத்தில் இவை பிரிக்கப்படுகின்றன. டெஸ்டரின் பெயரே ‘ஷ்பானுங்ஸ்ப்ரூஃபர்’, அதாவது மின்னழுத்தம் காட்டி. அந்நாட்டில் மின்பணி புரிவோர் அனைவர்க்கும் கற்பிக்கப்படும் ஐந்து பாதுகாப்பு விதிகள் உள்ளன: இணைப்பைத் துண்டித்தல்; மீண்டும் இணைக்கப்படாதவாறு காத்தல்; மின்னழுத்தம் இல்லாமையை உறுதிசெய்தல்; புவியிணைப்புச் செய்து குறுக்கிணைத்தல்; அருகில் மின்னழுத்தம் உள்ள பகுதிகளை மூடுதல் அல்லது தடுப்பு அமைத்தல். மூன்றாம் விதியிலும் ஐந்தாம் விதியிலும் வருவது ‘ஷ்பானுங்’, ‘ஷ்ட்ரோம்’ அன்று. ‘ஷ்ட்ரோம் இல்லை’ என்று ஒருவர் சொன்னதைக் ‘கரண்டு இல்லை, தொடலாம்’ என்று பொருள்கொள்ளும் பணியாளர் தவறு செய்கிறார். அத்தவறு இலக்கணப் பிழை அன்று. இரு நாடுகளிலும் வீடுகளுக்கு வழங்கப்படுவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரமே. சொல் மாறினாலும் கம்பியின் இயல்பு மாறுவதில்லை.

ஜெர்மன் மொழிக்குள்ளேயே பொதுமக்கள் வழக்கும் தொழில் வழக்கும் இவ்விடத்தில் வேறுபடுகின்றன. மின்னிணைப்புள்ள கம்பியைப் பொதுமக்கள் ‘ஷ்ட்ரோமின் கீழ் நிற்கிறது’ என்பர். தொழிலறிந்தோர் ‘ஷ்பானுங்கின் கீழ் நிற்கிறது’ என்பர். ஆகவே தமிழ் மாணவர் கற்க வேண்டியது ஒரு சொல்லை மட்டுமன்று. யார், எங்கே, யாரிடம் அதனைச் சொல்கிறார் என்பதையும் சேர்த்தே. பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையிலான வேறுபாட்டில் பிறந்து வளர்ந்த தமிழர்க்கு இது புதிய செய்தியன்று. ஆனால் அதனை ஆசிரியர் எடுத்துக்காட்டினால் மட்டுமே அவ்வறிவு பயன்படும்.

தமிழின் அறிவியற் சொல்லிலும் இத்தகைய இடர் ஒன்று உண்டு. ‘மின்தடை’ என்பது பாடநூலில் ஓம் அலகில் அளக்கப்படும் பண்பு. நாளிதழில் ‘நாளைய மின்தடை’ என்பது துணை மின்நிலையத்தின் பராமரிப்புப் பணிக்காக மின்வழங்கல் நிறுத்தப்படும் பகுதிகளின் பட்டியல். முன்னதற்கு ஜெர்மன் நிகரன் ‘வீடர்ஷ்டாண்ட்’. பின்னதற்கு நிகரன் மின்வழங்கலை நிறுத்திவைப்பதைக் குறிக்கும் வேறு சொல். தமிழ் நிகரனை மட்டும் கொடுத்து, எவ்வழக்கு என்று குறிக்காத பட்டியல் மாணவரை இவ்விரண்டில் எதற்கும் இட்டுச் செல்லலாம்.

5. வீழ்தலும் வெட்டுதலும்

மின்சாரம் இல்லாத நிலையைச் சொல்லும் முறையில் இரு சமூகங்களின் பட்டறிவும் வெளிப்படுகிறது. ஜெர்மன் சொல் ‘ஷ்ட்ரோமவுஸ்ஃபால்’. ஓட்டம் தவறி வீழ்ந்துபோதல் என்பது அதன் சொற்பொருள். எதிர்பாராமல் நேர்ந்தது என்னும் குறிப்பு அதில் உண்டு. தமிழில் பெருவழக்குப் பெற்ற ‘மின்வெட்டு’ அத்தகையதன்று. வெட்டுதலுக்குச் செய்பவர் உண்டு, காரணம் உண்டு, நேர அட்டவணையும் உண்டு. 2012ஆம் ஆண்டை ஒட்டித் தமிழ்நாட்டில் சென்னைக்கு வெளியே நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் நிறுத்தப்பட்ட காலத்தில் பள்ளிப் பருவத்தைக் கழித்தவர்களே இன்று ஜெர்மன் கற்போருள் பலர். அவர்களுக்கு மின்சாரம் இல்லாமை விபத்தாக அன்று, முறைவைத்து வழங்கப்பட்ட பற்றாக்குறையாக அறிமுகமானது. ‘மின்வெட்டு’ என்பதற்கு ‘ஷ்ட்ரோமவுஸ்ஃபால்’ என்று எழுதிவிட்டால் செய்பவர் மறைந்துபோகிறார். கட்டணம் செலுத்தாமையால் இணைப்பு நிறுத்தப்படுவதை மதுரையில் ‘பீஸைப் பிடுங்கிட்டாங்க’ என்பர். ஜெர்மன் மொழியில் அதற்கு ‘ஷ்ட்ரோம்ஷ்பெர’ எனத் தனிச்சொல் உண்டு. இதில் இரு மொழிகளும் தெளிவாகவே பேசுகின்றன. ஆயினும் இத்தொடர் எந்தச் சொற்பட்டியலிலும் எதிர்பார்க்கத்தக்கதன்று.

உழவர் பேசும் ‘த்ரீ பேஸ்’, அரசு அறிவிப்பின் ‘மும்முனை மின்சாரம்’ என்பதற்கு ஜெர்மன் வழக்கு ‘ட்ரேஷ்ட்ரோம்’. சுழலும் ஓட்டம் என்பது இதன் பொருள். 1891இல் நெக்கார் ஆற்றங்கரையில் உள்ள லாவுஃபென் என்னும் ஊரின் நீர்மின் நிலையத்திலிருந்து 175 கிலோமீட்டர் தொலைவில் இருந்த பிராங்பர்ட் கண்காட்சிக்கு இவ்வகை மின்சாரம் அனுப்பப்பட்டது. தமிழ் முனைகளை எண்ணுகிறது. ஜெர்மன் சுழற்சியைக் காண்கிறது. மேலூர்ப் பகுதியில் பம்புசெட்டுக்கு மும்முனை மின்சாரம் எந்நேரத்தில் வரும் என்று காத்திருந்த குடும்பத்து மாணவர்க்கு இச்சொல்லின் பொருளை விளக்கத் தேவையில்லை. அவர் அறிந்த பொருளுக்கு இது மற்றொரு பெயர் என்று காட்டினால் போதும்.

6. சீகன்பால்குவின் வழி

ஜெர்மானியர் தமிழ் கற்ற வரலாறு இங்கு ஓர் எதிர்க்கண்ணாடியாக அமைகிறது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த பார்த்தலோமேயு சீகன்பால்கு, உள்ளூர் ஆசிரியரிடம் பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். உரைநடைக்குரிய சொற்களையும் செய்யுளுக்குரிய சொற்களையும் தனித்தனித் தொகுதிகளாக வகுத்துக்கொண்டார். தமிழ்ச் சொல் ஒவ்வொன்றும் ஒரு வழக்கைச் சார்ந்தது என்பதை உணர்ந்ததாலேயே அவ்வாறு வகுத்தார் எனலாம்.

முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், எதிர்த்திசையில் பயணிக்கும் தமிழ் மாணவர்க்கு அவ்வாய்ப்பு அளிக்கப்படுவதில்லை. அவர் வழங்கும் சொற்கள் வகைப்படுத்தப்படவும் இல்லை; ஏட்டில் இடம்பெறவும் இல்லை. ‘ஷ்ட்ரோம்’ என்னும் ஒரு சொல்லுக்கான பதிவு எவ்வாறு அமையலாம் என்பதைச் சுட்டுவது பொருத்தமாகும். முதலில் ஆறு என்னும் மூலப்பொருள். அடுத்துப் பேச்சு நிகரனாகக் ‘கரண்ட்’, அதனோடு வரும், போகும், பாயும் என்னும் வினைகள். பின்னர் அறிவியல் நிகரனாக ‘மின்னோட்டம்’. பொது எழுத்து நிகரனாக ‘மின்சாரம்’. இறுதியாக, ‘கம்பியில் கரண்ட் இருக்கிறது’ என்னும் இடத்தில் தொழில் வழக்கு ‘ஷ்பானுங்’ என்னும் எச்சரிக்கை. ‘மின்னஞ்சல், மின்னூல்’ முதலியவற்றில் வரும் ‘மின்’ மின்னணுவியலைச் சார்ந்தது ஆதலின் அங்கே ‘ஷ்ட்ரோம்’ வாராது என்ற குறிப்பும் சேரலாம். ஐந்தாறு வரிகளில் அடங்கும் இப்பதிவு ஒற்றை வரியை விட நீளமானதுதான். ஆனால் இதனைப் படித்த மாணவர்க்கு அடுத்துவரும் தொகைச்சொற்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்யும் சுமை குறையும்.

சொல்லின் ஒலிப்பிலும் இதே அணுகுமுறை உதவும். தமிழ் மரபில் மொழிமுதலில் மெய்ம்மயக்கம் வாராது. எனவே தொடக்கநிலை மாணவர் முன்னே ஓர் உயிரைச் சேர்த்து ‘இஷ்ட்ரோம்’ என்று ஒலிப்பது தாய்மொழியின் விதியைப் பின்பற்றுவதே அன்றிக் கவனக்குறைவு அன்று. காரணம் கூறித் திருத்தப்பட்ட பிழை மாணவரை நாணச் செய்வதில்லை.

முடிவுரை

ஒரு மொழியில் மின்சாரத்திற்குரிய சொல்லைக் கற்பது சிறிய செயலே. ஆயினும் தமிழ் மாணவரின் பேச்சு, அவரது பாடநூல் அறிவு, அவர் வளர்ந்த நிலத்தின் பட்டறிவு ஆகியவற்றை வகுப்பறை எவ்வாறு நடத்துகிறது என்பதை அச்செயல் வெளிப்படுத்துகிறது. ‘ஷ்ட்ரோம்’ என்பதன் ஓட்டப் பொருள் மதுரைப் பேச்சின் ‘பாய்ச்சுதல்’ என்னும் வினையிலும் பாடநூலின் ‘மின்னோட்டம்’ என்னும் பெயரிலும் முன்னரே உள்ளது. ஆங்கிலப் பட்டியலும் ஒற்றை நிகரனும் அவ்விரண்டையும் கடந்து சென்றுவிடுகின்றன. அதே வேளையில், ‘கரண்ட்’ என்பதன் பரப்பு ‘ஷ்ட்ரோம்’ என்பதன் பரப்பைவிடப் பெரியது. மின்னழுத்தத்தைச் சுட்டும் இடத்தில் இரண்டையும் பிரித்துக் காட்டாத கற்பித்தல் மின்பணியாளரை ஆபத்தில் நிறுத்தும்.

எனவே தமிழர்க்கான ஜெர்மன் பாடப்பொருள்களை உருவாக்குவோர், தமிழ் நிகரன்களைப் பேச்சு, பொது எழுத்து, அறிவியல் என வழக்குக் குறிப்போடு தருதல் வேண்டும். நிகரன் பொருந்தும் இடத்தோடு பொருந்தாத இடத்தையும் எழுதுதல் வேண்டும். தமிழ்த் துறைகளும் அயல்மொழித் துறைகளும் இணைந்து செய்யத்தக்க பணி இது. அது நிகழும்வரை, வைகையைக் கடந்து வகுப்புக்கு வரும் மாணவர், ஆற்றின் பெயரை ஆறென்று அறியாமலேயே மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்.